சிவப்பு விளக்கும் பாலோ ரயிலும்

மூவாரிலிருந்து பாலோவுக்கு அறுபது மைல்கூட இருக்காது. சண்டைக்கு முன்பு காலையில் பசியாறிவிட்டு வண்டியை எடுத்தால் மத்தியானச் சாப்பாட்டுக்கு அங்கே போய் உட்கார்ந்துவிடலாம். நடுவில் ஒரு காப்பிக்கும் நேரம் இருக்கும். ஜப்பான்காரன் காலத்தில் அதே தூரத்தைக் கடக்க எனக்கு மூன்று நாள் ஆயிற்று. நாகப்பட்டினத்தில் கப்பலேறிக் கடல் தாண்டி வந்தவன் நான். அந்தப் பயணம்கூட என்னை இந்தப் பாடு படுத்தவில்லை. மலாயாவைப் பற்றி எழுதுங்கள் என்று கேட்பவர்களுக்கு ஆற்றையும் மீனையும் பற்றிச் சொல்லிச் சமாளித்துவிடுவேன். இந்த மூன்று நாளை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை.

நான் மாயவரத்துக்காரன். பெயர் சுப்பிரமணியம், மலாயாவில் அது மணியம் என்று சுருங்கிவிட்டது. மூவார் ஆற்றங்கரையில் ஒரு ஐஸ் பேக்டரியில் மெக்கானிக் வேலை. ஜப்பான்காரர்கள் வந்ததும் பழைய முதலாளி போன இடம் தெரியவில்லை. ஜப்பானிய மானேஜர் ஒருவர் வந்து உட்கார்ந்தார். ஐஸும் மீனும் அவர்கள் பட்டாளத்துக்குப் போயின. என் வேலை போகவில்லை. கூலி பெயருக்கு வந்தது. முன்கோபி என்ற என் பெயரும் அப்படியே இருந்தது.

பேக்டரியில் ஒரு பழைய அமெரிக்கக் கார் உண்டு. அதைப் பார்த்துக்கொள்வதும் நான்தான். அந்த வண்டியில் எண்ணெயின் அழுத்தத்தைக் காட்ட முள் கிடையாது. ஸ்டியரிங்குக்கு முன்னால் ஒரு சிவப்பு விளக்கு மட்டும் உண்டு. சாவியைத் திருப்பினால் எரியும். எஞ்சின் ஓடி எண்ணெய் ஏறியதும் அணைந்துவிடும். ஓடிக்கொண்டிருக்கும்போது மறுபடி எரிந்தால், எஞ்சினுக்குள் எண்ணெய் போகவில்லை, உடனே நிறுத்து என்று அர்த்தம். நிறுத்தாவிட்டால் உள்ளே இரும்போடு இரும்பு உரசி எஞ்சின் கட்டிக்கொள்ளும். அதற்குப் பிறகு அது வெறும் இரும்பு.

பாலோவுக்குப் பக்கத்துத் தோட்டமொன்றில் செம்பனை எண்ணெய் கிடைக்கிறது, பன்னிரண்டு டின் ஏற்றி வா என்று மானேஜர் என்னை அனுப்பினார். எஞ்சின் எண்ணெய் கப்பலில் வருவது நின்றுபோய், பாமாயில் என்னும் அந்தச் செம்பனை எண்ணெயைக் கலந்துதான் எல்லா எந்திரத்தையும் ஓட்டிக்கொண்டிருந்தோம். கார் ஓட்ட யூசோப் என்ற மலாய்க்காரர். ஐம்பதைத் தாண்டியவர், அதிகம் பேசமாட்டார். அவர் மலாயில் சொன்னதையெல்லாம் இங்கே தமிழில் தருகிறேன்.

பின் சீட்டில் ஆரோக்கியமேரி. எங்கள் பேக்டரியில் பெரிய எஞ்சினை ஓட்டிய சூசையின் மனைவி. மூவாரில் கிழங்குகூடக் கிடைக்காத ஒரு வாரத்தில், பாலோ தோட்டத்திலிருக்கும் தன் அண்ணனிடம் மரவள்ளி வாங்கி வரச் சூசை போனான். போன இடத்தில், சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்தார்கள். தோட்டத்து ஆளா, விருந்தாளியா என்று யார் கேட்டார்கள்? சூசையையும் லாரியில் ஏற்றி, பாலோ ஸ்டேஷனுக்குப் பக்கத்துக் கொட்டகையில் அடைத்துவிட்டார்கள். வியாழக்கிழமை காலை பத்து மணி ரயில் என்று அவன் அண்ணன் சொல்லியனுப்பினான்.

மேரி மூன்று நாள் மானேஜரின் வாசலில் குனிந்தபடி நின்று ஒரு காகிதம் வாங்கிவிட்டாள். சூசை பேக்டரிக்கு வேண்டிய ஆள், விட்டுவிடவும் என்று ஜப்பானிய எழுத்தில், சிவப்பு முத்திரையோடு. அது ரயிலுக்கு முன் பாலோ போய்ச் சேரவேண்டும். அவ்வளவுதான். நாங்கள் கிளம்பியது செவ்வாய்க்கிழமை. அறுபது மைலுக்கு இரண்டு நாள் கையில் இருந்தது. போதும் போதும் என்று நானே அவளிடம் சொன்னேன்.

கடிகாரத்தை அப்போது டோக்கியோ மணிக்குத் திருப்பி வைத்திருந்தார்கள். விடியும்போதே மணி எட்டு அடிக்கும். சூரியனும் கடிகாரமும் சண்டை போட்டுக்கொண்ட மாதிரி நாளெல்லாம் ஒரு மந்தம். அனுமதிச் சீட்டு எழுதி வாங்கி நாங்கள் ஊரைத் தாண்டியபோது உச்சி வெயில்.

ஊர் எல்லையில் ஜப்பான் சிப்பாய் நின்றிருந்தான். மூவரும் இறங்கி இடுப்பு வரை குனிந்தோம். நான் குனிந்தது போதவில்லை போலிருக்கிறது, கன்னத்தில் ஒன்று விழுந்தது. மாயவரத்தில் என்னை அடிக்கக் கை ஓங்கியவன் கையை முறுக்கியிருக்கிறேன். இங்கே இன்னும் கொஞ்சம் குனிந்தேன். ஆனால் மேரியின் காகிதத்தைப் பார்த்ததும் அதே சிப்பாய் விறைப்பாக நின்று, இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பிக் கொடுத்தான்.

மேரிக்கு முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தீங்களா அண்ணே? முத்திரயப் பாத்தோன்ன எப்படி நிக்கிறான் பாருங்க! இதக் காட்டுனா விட்டுருவாங்க அண்ணே, கண்டிப்பா விட்டுருவாங்க" என்றாள்.

எனக்கும் அப்படித்தான் பட்டது. கன்னம் எரிந்தாலும் மனசுக்குள் ஒரு தெம்பு.

ரோட்டின் இரண்டு பக்கமும் ரப்பர் மரங்கள், வெட்ட ஆளில்லாமல். கீழே லாலான் புல் இடுப்பளவு. எங்கள் பக்கத்தில் வயல் தரிசாகக் கிடந்தால் யார் வயல் என்று பெயர் சொல்லித் திட்டுவார்கள். இங்கே மைல் மைலாகத் தோட்டம் சும்மா கிடந்தது, திட்டக்கூட ஆளில்லை. ரப்பரை வாங்கக் கப்பல் வரவில்லை. அதனால் அந்தக் காலத்தில் எல்லாவற்றுக்கும் ரப்பர்தான். செருப்புக்கு அடி ரப்பர், குடையின் ஓட்டைக்கு ரப்பர் பால், ஒழுகும் கூரைக்கு ரப்பர் ஷீட். எங்கள் வண்டியில் ஊற்றியதும் ரப்பரைக் காய்ச்சி வடித்த பெட்ரோல்தான். அதன் நாற்றம் தலைவலி கொடுக்கும். இல்லாத சாமானுக்கெல்லாம் இதை வைத்து ஒப்பேற்றுகிறோமே என்று எங்களுக்குப் பெருமை வேறு.

பாக்ரியைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் சிவப்பு விளக்கு எரிந்தது.

"அலாமாக்" என்றார் யூசோப், நம் ஐயையோ மாதிரி. வண்டியை ஓரம் கட்டினார்.

பானெட்டைத் திறந்து எண்ணெய்க் குச்சியை உருவிப் பார்த்தேன். எண்ணெய் நிறைய இருந்தது. எண்ணெய் குறைந்திருந்தால் ஊற்றிவிடலாம். இருந்தும் ஏறவில்லை என்றால் என்ன செய்வது? செம்பனை எண்ணெய் சூட்டில் தண்ணீர் போல இளகிவிடுகிறது, அதனால்தான் அழுத்தம் இல்லை என்று முடிவு கட்டினேன். ஒரு மணி நேரம் ஆறவிட்டோம். சாவியைப் போட்டதும் விளக்கு எரிந்து, எஞ்சின் ஓடியதும் அணைந்தது. நாலு மைல் போனதும் மறுபடி சிவப்பு. நான் சொன்னது சரிதான் என்று ஆகிவிட்டது: குளிர்ந்தால் நன்றாக இருக்கிறது, சூடானால் கெட்டுப்போகிறது.

மேரி பின்னாலிருந்து மெதுவாகக் கேட்டாள். "அண்ணே, சத்தம் ஒன்னும் மாறலையே? எங்க வீட்டுக்காரரு எஞ்சின் சத்தத்தக் கேட்டே சொல்லிருவாரு. எண்ணெ இல்லாட்டி கடகடன்னு அடிக்கும்னு சொல்வாரு. இது அடிக்கலையே அண்ணே?"

"வண்டியப் பத்தி எனக்குத் தெரியும் தங்கச்சி. நீ வாய மூடிக்கிட்டு உக்காரு" என்றேன்.

அவள் சீட்டில் பின்னால் சாய்ந்துகொண்டாள்.

பயம் என்னைப் பிடித்திருந்தது. அதை ஒளிக்கத்தான் அந்தக் கோபம். இரண்டு மாதத்துக்கு முன் எங்களூரில் ஒரு லாரி எஞ்சின் கட்டிக்கொண்டது. வேண்டுமென்றே கெடுத்தாய் என்று அந்த டிரைவரை விசாரணைக்குக் கூட்டிப்போனார்கள். நடந்து போனவனை ஒரு வாரம் கழித்துக் கதவுப் பலகையில் தூக்கி வந்தார்கள். இந்த வண்டி கெட்டால் நானும் யூசோப்பும் பதில் சொல்லவேண்டும். நடுக்காட்டில் எஞ்சின் நின்றுபோனால் மேரியின் காகிதமும் பாலோ போய்ச் சேராது. நிறுத்தி நிறுத்திப் போவதுதான் புத்தி என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

நாலு மைல் ஓட்டம், ஒரு மணி நேரம் ஓய்வு. இப்படிப் பாரிட் சூலோங் வருவதற்குள் பொழுது சாய்ந்தது. இருட்டிய பிறகு ரோட்டில் வண்டி தெரிந்தால் சுடுவார்கள். யூசோப்பின் மைத்துனர் வீடு அங்கே ஒரு கம்பத்தில், அதாவது மலாய்க் கிராமத்தில், இருந்தது; அங்கே தங்கினோம்.

அவித்த மரவள்ளியும் தேங்காய்த் துருவலும் மிளகாயும் வைத்தார்கள். வீட்டுக்காரம்மா தன் பங்கை மேரியின் தட்டில் தள்ளியதைப் பார்த்தேன். தெரியாதவள், வேறு சாதி, வேறு மதம். ஏன் வந்தாய் என்று ஒரு கேள்வி இல்லை. எங்கள் ஊரில் இரவில் வந்து நிற்கும் அந்நியனுக்கு முதலில் நூறு கேள்வி, பிறகுதான் தண்ணீர். பசியில் அந்தக் கிழங்கு நெய்ச்சோறாக இனித்தது. ஒருவன் அடைபட்டுக் கிடக்கும்போது இப்படி ருசிக்கிறதே என்று வெட்கமாகவும் இருந்தது.

புதன்கிழமை நாலைந்து முறை நின்று, யோங் பெங் போய்ச் சேர மத்தியானம் ஆகிவிட்டது. ஒரு காப்பிக் கடையில் உட்கார்ந்தோம். காப்பி என்பது சோளத்தைக் கருக வறுத்து இடித்த தூள்; சீனி கிடையாது. மாயவரத்துக் காப்பியை நினைத்தால் அழுகை வரும், அதனால் நினைக்கவில்லை. பக்கத்து மேசையில் இரண்டு தமிழர்கள் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"சயாமுக்குப் போனவன்ல ஒருத்தனாச்சும் திரும்பி வந்தானா? நீ பாத்தியா?"

"நான் பாக்கல லா. காலராவுல அள்ளிக்கிட்டுப் போகுதுன்னு சொல்றாங்க. குழி தோண்டக்கூட ஆளு பத்தலையாம்."

மேரி கிண்ணத்தை வைத்துவிட்டு எழுந்து வெளியே போய் நின்றாள். நான் அந்த இருவரையும் முறைத்தேன். அவர்கள் என்ன செய்வார்கள் பாவம், உள்ளதைத்தான் பேசினார்கள்.

கெட்டியான எண்ணெய் கிடைத்தால் மீதிப் பதினெட்டு மைலையும் ஒரே ஓட்டத்தில் முடித்துவிடலாம் என்று எனக்கு யோசனை. கடை கடையாக ஏறி இறங்கினேன். கடைசியில் ஒரு சீனத் தகரக்காரரிடம் ஒரு டின் விளக்கெண்ணெய் இருந்தது. எங்கள் வீட்டில் வயிற்றைக் கழுவக் கொடுக்கும் சாமான். ஆனால் எஞ்சினுக்கு ராஜ எண்ணெய், எந்தச் சூட்டிலும் இளகாது. அவர் ஜப்பான் நோட்டை வாங்க மாட்டேன் என்றார். துணி இருக்கிறதா என்று கேட்டார். துணிக்கு அப்போது அப்படி ஒரு பஞ்சம். சாக்கைக் கட்டிக்கொண்டு திரிந்தவர்கள் உண்டு.

மேரி தன் மூட்டையை அவிழ்த்து ஒரு வெள்ளைச் சட்டையை எடுத்தாள். "கல்யாணச் சட்ட. வந்தோன்ன போட்டுக்கட்டும்னு எடுத்து வந்தேன். இருக்கட்டும் அண்ணே, குடுங்க. ஆளு வந்தாப் போதும்" என்றாள்.

அந்தச் சட்டையை என் கையால் வாங்கித் தகரக்காரரிடம் கொடுத்தேன். இன்றைக்கும் என்னால் அதை நினைக்க முடியவில்லை.

எண்ணெயை மாற்றுவதென்றால் எஞ்சினுக்கு அடியில் எண்ணெய் தேங்கும் அடித்தொட்டியையும் கழற்றிச் சுத்தம் செய்துவிடலாம் என்று தோன்றியது. தகரக்காரர் கடைக்குப் பின்னால் மண் தரையில் மல்லாந்து படுத்து, ஆணிகளைக் கழற்றி, தொட்டியை இறக்கினேன். எண்ணெய் முகத்தில் வழிந்தது. சல்லடையில் கொஞ்சம் கசடு ஒட்டியிருந்தது. "கெடச்சிருச்சு! இதான் அடைச்சிருக்கு!" என்று கத்தினேன். உண்மையில் அந்தக் கசடு எந்தப் பழைய எஞ்சினிலும் இருக்கும். தேடியது கிடைக்கவில்லை என்றால் கிடைத்ததையே தேடியதாக்கிக்கொள்ளும் புத்தி எனக்கு அன்று வந்தது.

மேரி அடித்தொட்டியைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். எல்லாவற்றையும் பூட்டி விளக்கெண்ணெயை ஊற்றி முடித்தபோது இருட்டத் தொடங்கிவிட்டது. ஊருக்குள்ளேயே இரண்டு சுற்றுச் சுற்றினோம். விளக்கு எரியவில்லை. யூசோப் என் தோளைத் தட்டினார். மேரி சிலுவை போட்டுக்கொண்டாள். நான் பெரிய மெக்கானிக் என்று எனக்கே ஒரு நினைப்பு. இரண்டு மைல் ஓடினால் எஞ்சின் சரியாகச் சூடாகாது என்ற சின்ன விஷயம் தோன்றவில்லை.

வியாழக்கிழமை விடிந்ததும் கிளம்பினோம். ஊர் எல்லைச் சாவடியில் சீட்டைக் காட்டி வெளியே வர மணி ஒன்பதாகிவிட்டது. பதினெட்டு மைல், முக்கால் மணி நேரம் போதும். மேரி காகிதத்தை மடியில் வைத்து இரண்டு கையாலும் மூடியிருந்தாள். ஐந்தாவது மைலில் சிவப்பு எரிந்தது.

யூசோப் வேகத்தைக் குறைத்து என்னைப் பார்த்தார்.

"நிறுத்தாதீங்க அண்ணே" என்றாள் மேரி. "ஓட்டச் சொல்லுங்க. எஞ்சின் போனாப் போகட்டும். நான் பண்ணச் சொன்னேன்னு மானேஜர்கிட்ட சொல்லுங்க. என்னய அடிக்கட்டும், கொல்லட்டும். ஓட்டச் சொல்லுங்க அண்ணே!"

"போற வழில எஞ்சின் கட்டிக்கிச்சுன்னா? நடந்தா போவே?"

"நடந்து போறேன்."

நான் யூசோப்பிடம் நிறுத்தச் சொன்னேன். அந்த வார்த்தை என் வாயிலிருந்துதான் வந்தது.

அரை மணி நேரம் ஆறவிட்டோம். மேரி ரோட்டில் இங்கும் அங்கும் நடந்தாள். மறுபடி ஏறி, மூன்று மைல்கூடப் போகவில்லை, மறுபடி சிவப்பு. இந்த முறை மேரி முன்பே கதவைத் திறந்து வைத்திருந்தாள். வண்டி நின்றதும் இறங்கினாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, காகிதத்தைக் கையில் பிடித்தபடி, பாலோவைப் பார்த்து நடக்க ஆரம்பித்தாள். இன்னும் பத்து மைல். ஓட்டமும் நடையுமாகப் போனாள். வளைவில் திரும்பி மறைந்துவிட்டாள்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. யார் மேல் என்று தெரியாத ஆத்திரம். எஞ்சினின் பக்கவாட்டில் எண்ணெய் அழுத்தத்தை அறியும் ஒரு சின்னப் பித்தளைக் குமிழ் உண்டு. அதிலிருந்துதான் விளக்குக்கு ஒயர் போகிறது. அழுத்தம் குறைந்தால் குமிழ் அந்த ஒயரை எஞ்சின் இரும்போடு சேர்த்துவிடும், விளக்கு எரியும். அந்த ஒயரை வெடுக்கென்று பிடுங்கினேன். சாவியைப் போட்டுப் பாருங்கள் என்று யூசோப்பிடம் கத்தினேன்.

"எரிகிறது" என்றார் யூசோப்.

ஒயரைப் பிடுங்கிய பிறகு விளக்கு எரியக் கூடாது. எரிந்தால் எண்ணெய்க்கும் விளக்குக்கும் சம்பந்தமே இல்லை. ஒயர் வழியில் எங்கோ இரும்பில் படுகிறது, அவ்வளவுதான். பட்டறையில் சேர்ந்த முதல் மாதம் எவனும் கற்றுக்கொள்ளும் சோதனை இது. ஒரு நிமிஷ வேலை. இரண்டு நாளாக நான் செய்யாத வேலை.

ஏன் செய்யவில்லை? ஒயரைப் பற்றி எனக்குச் சந்தேகமே வரவில்லை. மூன்று வாரத்துக்கு முன் அதைச் சரிபண்ணியவனே நான்தான். மேலுறை வெடித்துச் செம்பு தெரிந்தது. சுற்றுவதற்கு டேப் ஊரில் எங்கும் இல்லை. ரப்பர் நாட்டில் ஒயருக்குச் சுற்ற ரப்பரா இல்லை என்று, பச்சை ரப்பர் ஷீட் ஒன்றை நாடா போல வெட்டி, இழுத்து இழுத்து அழகாகச் சுற்றினேன். மானேஜரே குனிந்து பார்த்து, நல்லது என்றார். டயரும் டேப்பும் கந்தகம் போட்டு வேகவைத்த ரப்பர். பச்சை ரப்பர் செருப்புக்கு நிற்கும், குடைக்கு நிற்கும், கொதிக்கும் எஞ்சின் மேல் நிற்குமா? விரலால் தடவினேன். வெல்லப்பாகு மாதிரி இழுபட்டது. சூட்டில் இளகியதும் ஒயர் தொங்கி எஞ்சினில் பட்டிருக்கிறது. ஆறினால் பசை இறுகித் தூக்கிப் பிடித்திருக்கிறது. எண்ணெயில் ஒரு குற்றமும் இல்லை. முதல் நாளே நிற்காமல் போயிருக்கலாம். சட்டையும் மிஞ்சியிருக்கும்.

ஒயரைத் தூரத் தள்ளிக் கட்டினேன். விளக்கு அணைந்தது. யூசோப் என் கையில் ஒட்டியிருந்த பசையைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. "ஏறு" என்றார், அவ்வளவுதான்.

ஒரு மைலுக்கு மேல் போயிருந்தாள் மேரி. செருப்பு ஒன்று அறுந்து, அதைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தாள். வண்டி பக்கத்தில் நின்றதும் ஏறி உட்கார்ந்தாள். மூச்சு வாங்கியது. யூசோப் அந்த வண்டியை அதற்கு முன்னும் பின்னும் அப்படி ஓட்டியதில்லை. எஞ்சின் தேனீ மாதிரி பாடிக்கொண்டு ஓடியது. அந்தச் சத்தத்தை என்னால் தாங்க முடியவில்லை.

பாலோ ஸ்டேஷனில் ரயில் இல்லை.

பிளாட்பாரத்தில் வாழையிலைக் கிழிசல்களும் ஒரு தகரக் குவளையும் கிடந்தன. தோட்டத்துப் பெண்கள் ஆறேழு பேர் தண்டவாளத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். அழுது முடித்திருந்தார்கள் போலிருக்கிறது. ஒரு தமிழர், ரயில்வே கூலி, தண்ணீர் தெளித்துக் கூட்டிக்கொண்டிருந்தார்.

மேரி அவரிடம் ஓடினாள். "ஐயா, பத்து மணி ரயிலு?"

"போயிருச்சும்மா. அரை மணி நேரம் ஆவுது. இன்னைக்கு லேட்டாத்தான் போச்சு."

"மூவார் ஐஸ் பேக்டரி சூசைன்னு ஒருத்தரு... உயரமா இருப்பாரு, இந்தப் பக்கம் கன்னத்துல ஒரு வெட்டுத் தழும்பு..."

"சாமான் வண்டில ஏத்திக் கதவச் சாத்திட்டாங்கம்மா. யாரு எவருன்னு நான் எங்க கண்டேன்?"

அரை மணி நேரம். அன்று காலை முதல் தடவை நான் நிறுத்தச் சொன்ன நேரம்.

ஸ்டேஷன் வாசலில் நின்ற ஜப்பான் சிப்பாயிடம் மேரி குனிந்து காகிதத்தை நீட்டினாள். அவன் வாசித்தான். முத்திரையைப் பார்த்தான். இவன் அடிக்கவில்லை, கத்தவில்லை. காகிதத்தை மடித்து மரியாதையாகத் திருப்பிக் கொடுத்து, ரயில் போன திசையைக் காட்டி, அரைகுறை மலாயில் "முடிந்தது" என்றான். அடித்திருந்தால் தேவலை.

யோங் பெங் போய், அங்கிருந்து வடக்கே ரயிலைத் துரத்திப் பிடிக்கலாமா என்று யூசோப்பிடம் கேட்டேன். அவர் அனுமதிச் சீட்டை எடுத்துக் காட்டினார். பாலோ வரைதான் எழுதியிருந்தது. "எனக்கு ஐந்து பிள்ளைகள், மணியம்" என்றார்.

செம்பனை எண்ணெய் ஏற்றவேண்டிய வேலை அப்படியே இருந்தது. தோட்டத்துக்குப் போனோம். சூசையின் அண்ணன் மேரியைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். நானும் யூசோப்பும் பன்னிரண்டு டின்னை ஏற்றிக் கட்டினோம். மேரி அந்த டின்களுக்கு நடுவில் ஒடுங்கி உட்கார்ந்தாள். சூசையின் அண்ணன் கொடுத்த மரவள்ளிக் கிழங்கு ஒரு சாக்கு அவள் காலடியில். சூசை வாங்கப் போன கிழங்கு.

வண்டி கிளம்பிக் கொஞ்ச நேரம் கழித்து அவள் கேட்டாள். "வண்டிக்கு என்னதான் அண்ணே?"

யூசோப்புக்குத் தமிழ் ஓரளவு புரியும். அவர் ரோட்டைப் பார்த்தபடி ஓட்டினார்.

"எண்ணெதான் தங்கச்சி. இவனுங்க குடுக்குற எண்ணெ. எல்லாம் கலப்படம்" என்றேன்.

"நாசமாப் போவானுங்க" என்றாள் மேரி. முதல் தடவையாக அப்போதுதான் அழுதாள்.

வழியில் வண்டி ஓரிடத்திலும் மக்கர் பண்ணவில்லை. பாலத்திலும் காவல் சாவடியிலும் குனிந்த நேரம் போக, மூன்று மணி நேரத்துக்குள் மூவார் ஆறு கண்ணில் பட்டது.

சண்டை முடிந்து சயாமிலிருந்து கொஞ்சம் பேர் எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்தார்கள். சூசை வரவில்லை. எங்கே, எப்படி என்று சொல்லவும் ஆளில்லை. ஊருக்குத் திரும்ப எனக்குக் கப்பல் கிடைத்த அன்றும் மேரி வந்து வழியனுப்பினாள். அன்றும் நான் வாய் திறக்கவில்லை. ஆனால் இதெல்லாம் பின்னால் வந்த கதை. பாலோவிலிருந்து திரும்பிய அந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமை, ஆள் எப்படியும் வந்துவிடுவான் என்றுதான் அவள் நம்பிக்கொண்டிருந்தாள்.

காலைப் பூசை முடிந்து நேரே என் அறைக்கு வந்தாள். கையில் வாழையிலைப் பொட்டலம். பாலோ கிழங்கைக் காயவைத்து இடித்து அவித்த புட்டு. தேங்காயும் கொஞ்சம் வெல்லமும் போட்டிருந்தாள். அந்த வெல்லம் எங்கே கிடைத்தது என்று தெரியவில்லை.

"உங்களுக்குத்தான் அண்ணே, சூடா இருக்கு. எங்க வீட்டுக்காரருக்காக மண்ணுல படுத்துக் கெடந்து எம்புட்டுப் பாடுபட்டீங்க! கூடப் பொறந்தவன்கூட செய்ய மாட்டான். அவரு வந்தோன்ன முதல்ல உங்களப் பாக்கத்தான் கூட்டியாருவேன்."

பொட்டலத்தை வாங்கிக்கொண்டேன். அவள் போனதும் கதவைச் சாத்திவிட்டு இலையைப் பிரித்தேன். முந்தின நாள் மத்தியானத்திலிருந்து நான் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. இலையில் ஒட்டியதையும் வழித்துத் தின்றேன்.